இரண்டு விரல்

வெல்லாவெளிக்குக் கிழக்கே, மூன்றாம் வாய்க்கால்.
பலகையை இரண்டு விரல் தூக்கினேன்.
அவ்வளவுதான் நடந்தது.
சிறுபோகம், நெல் குடலையில் நின்ற கிழமை,
நவகிரிக் குளத்தில் சேறு தெரியத் தொடங்கிய கிழமை.
என் வயலுக்குள் தண்ணீர் போனது
பூனை குசினிக்குள் போவதுபோல.

நான் வட்டவிதானை.
கடிதங்களில் கமக்காரர் அமைப்புத் தலைவர்.
முறைக்கொப்பி என் கையில்:
எண்பது பக்கச் சிங்கிள் றூள் கொப்பி,
யாருக்கு எந்த இரவு, எத்தனை மணி.
அன்றிரவு அதில் இருந்த பெயர்
கடைமடை ஞானப்பூ.
புருஷன் இல்லை. இருந்தால் மட்டும் என்ன,
தண்ணீர் ஆளைப் பார்த்தா இறங்குகிறது,
பள்ளத்தைப் பார்த்து இறங்குகிறது;
பலகையைப் பிடித்தவன்தான் ஆளைப் பார்க்கிறான்.

நான்கு மணித்தியாலம். யாரும் காணவில்லை.
வாடிக்குள் படுத்திருந்த நாய் கண்டது.
அறுவடையில் எனக்கு ஏக்கருக்கு இருபத்தாறு மூட்டை,
அவளுடைய ஒரு ஏக்கருக்குப் பதினொன்று.
மண் சரியில்லை என்றார்கள்.
நானும் என்றேன்.

வெட்டு முடிந்து மாரியம்மன் சடங்கு.
ஒலிபெருக்கியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்:
தர்மம் என்ற சொல்லுக்குத் தாங்குவது என்று பொருளாம்,
உலகைத் தாங்குகிறதாம்.
எனக்குப் பலகை ஞாபகம் வந்தது.
பெரிய பாரம் ஒன்றுமில்லை, முதிரைப் பலகை,
ஒரு பக்கம் உளுத்தது,
ஒரு கையால் தூக்கலாம்.
மடைக்கென்று கொண்டுபோன புது அரிசியை
வைக்காமல் திரும்பி வந்தேன்.
வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற இடத்துக்கும் மடை,
அம்மன் முன் பரப்புகிற படையலுக்கும் மடை.
எங்கள் பேச்சில் ஒளிக்க இடமில்லை.

மாரிப்போகம் மழையில் கழிந்தது.
அடுத்த சிறுபோகம் கொப்பியைத் திறந்து
என் பெயருக்கு நேரே இருந்த மணியை
மெல்ல அவள் பெயருக்கு இறக்கினேன்.
ஒரு இரவு. இன்னொரு இரவு.
கேட்பாரில்லை. என் பயிர் வாடியது,
அது வாட வாட எனக்குச் சோறு இறங்கியது.
தர்மம் செய்கிறேன் என்று நினைத்தேன்.
எழுத வெட்கமாயிருக்கிறது:
கண்ணாடியில் முகத்தைக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் விடிய ஞானப்பூ வந்தாள்,
முழங்கால்வரை சேறு, கையில் வெறும் யூரியாப் பை.
"ஆரைக் கேட்டு விட்டாய் என்ர வயலுக்குத் தண்ணி?
நேற்றுத்தான் பசளை எறிஞ்ச நான்,
கடனுக்கு வாங்கின பசளை.
எல்லாம் வழிஞ்சு ஓடையில போயிற்று.
முறைக்கு மேல என்னத்துக்கு விட்டாய்?"

சொன்னேன். பலகை, இரண்டு விரல், போன வருஷம்.
வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன்,
பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது.

அவள் அழவில்லை. பையை உதறி மடித்தாள்.
"மறுகா, உன்ர பாவத்தைக் கழுவ
என்ர வயலா கிடைச்ச?"

கன்னாக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.
விசிறி கறகறத்தது. செயலாளர் பேனையை மூடினார்.
பதினைந்து மூட்டை நெல், அதோடு பசளைக் காசு:
கணக்கை அவளே சொன்னாள்,
கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்.
மேல்மடைக் கண்ணமுத்து மட்டும்
தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீக்குவார்கள் என்று கொப்பியை நீட்டினேன்.
நீக்கவில்லை.
பலகைக்கு இரும்புச் சட்டமும் பூட்டும் போட்டார்கள்.
சாவி ஞானப்பூவிடம்.

இப்போது ஒவ்வொரு முறைக்கும்,
இரவு பன்னிரண்டோ இரண்டோ,
அவள் படலையில் நின்று கூப்பிட வேண்டும்.
நாய் குரைக்கும். விளக்கு எரியும்.
கொண்டையைச் சொருகிக்கொண்டு வந்து
டோர்ச்சை என் முகத்தில் அடித்து
"ஆர்ர முறை?" என்று கேட்பாள்,
தெரிந்துகொண்டே, ஒவ்வொரு இரவும்.

பெயரைச் சொல்வேன்.
என் பெயராக இருக்கிற இரவுகளில்
கொஞ்சம் சத்தமாக.